ஒட்டுப் போடாத இறக்கை

இரும்புக் கதவு படாரென்று மூடியபோது, காற்றுதான் என்று நினைத்தான் ஜோசுவா. அடுத்து தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. காற்றுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாதே என்று அவன் யோசிப்பதற்குள் பூட்டும் விழுந்துவிட்டது.

“மேடம், நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க!”

“கேட்டுச்சு,” என்றார் அஃப்ஸர் ஜஹான். தரையில் குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“கேட்டுமா கண்ணாடி துடைக்கிறீங்க?”

“துடைக்காம விட்டா கதவு தொறந்துக்குமா?”

ஜோசுவா ஓடிப்போய்க் கதவைத் தோளால் மோதினான். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளுக்குத்தான் ஆனது. ஆறடி உயரமும் அதற்கேற்ற தொப்பையும் உள்ள ஆள்தான். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாளிலிருந்து பாத்ரூம் கதவைக்கூட முழுசாகச் சாத்தமாட்டான். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். ஜோசுவாவுக்கு அது திறந்துகொள்ளும்.

“வேலூர்ல உட்கார்ந்து காணாமப் போன ஸ்கூட்டி, ஓடிப்போன மாப்பிள்ளைன்னு நிம்மதியா துப்பறிஞ்சுட்டு இருந்தோம். ஆம்பூர்ல ஏரோப்ளேன் காணோம்னு ஒரு போன். ‘கெளம்பு ஜோசுவா’ன்னீங்க. இப்ப பாருங்க, ஏரோப்ளேனும் காணோம், நாமளும் காணோம்.”

“மேடம்...” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர்களை வரவழைத்த உமர் ஃபாரூக். இருபத்தெட்டு வயது. மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். “சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னாடி நான் முனீர் சாப் எதிர்ல போய் நிக்கணும். இல்லன்னா எல்லாம் போச்சு.”

நடந்தது இதுதான்.

உமர் ஃபாரூக் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஷூவின் மேல்தோலுக்கு அளவு வரைந்து, மாதிரி வெட்டிக் கொடுக்கிற வேலை. வேலை போக மிச்ச நேரத்தில், மூன்று வருடமாக, இந்த மாடியில் ஒரு விமானம் கட்டினான். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம்தான். ஆனால் அதைப் பொம்மை என்று யாரும் சொல்லமுடியாது. இரண்டாம் உலகப் போரில் பறந்த நாலு மோட்டார் குண்டுவீச்சு விமானத்தை அப்படியே சுருக்கியது போலச் செய்திருந்தான். சுருக்கியும்கூட, இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பதினாறு அடி. நாலு மோட்டாரும் பேட்டரியில் ஓடும். வயிற்றில் இரண்டு கதவுகள். ரிமோட்டில் தட்டினால் திறந்துகொள்ளும். உள்ளே குண்டுக்குப் பதில் ரோஜா இதழ். நிக்காஹ் அன்று மண்டபத்துக்கு மேலே பறக்கவிட்டு, மணப்பெண் சஹரின் தலையில் கூடைப்பூவைக் கொட்டவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஊரே அந்த விமானத்தை உருதுவில் ‘உமர் பாய் ஜஹாஜ்’ என்று சொன்னது.

சஹரின் தகப்பனார் முனீர் அகமதுக்கு அந்த ஜஹாஜில் ஒரே ஒரு குறை கண்ணில் பட்டது. அது மாடியை விட்டு இறங்காது.

இந்த மாடி, மூடிக்கிடக்கும் அவருடைய தோல் பதனிடும் டேனரியில், தோல் காயப்போட்ட இடம். கதவுக்கு வெளியே நாலடியில் எதிர்ச்சுவர். அங்கிருந்து சடாரென்று திரும்பி இறங்கும் ஒடுக்கமான படி. பதினாறு அடி இறக்கையை எப்படிச் சாய்த்தாலும் அந்த மூலையில் இடிக்கும். ஜன்னல்களுக்கெல்லாம் திருட்டுக்குப் பயந்து எப்போதோ தகரம் அடித்தாயிற்று. உமர் இதைக் கவனித்தபோது இறக்கைக்குப் பெயின்ட்டே காய்ந்துவிட்டிருந்தது.

“வெளிய வராத ஜஹாஜைக் கட்டினவன் கையிலயா என் பொண்ணைக் கொடுக்கறது?” என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டார் முனீர் அகமது. கேட்ட வேகத்தில் ஒரு வாக்கும் கொடுத்தார். இந்த வெள்ளிக்கிழமை அஸர் பாங்கு சொல்வதற்குள், இறக்கையை அறுக்காமல், சுவரை இடிக்காமல், ஜஹாஜ் மாடியை விட்டு வெளியே வந்துவிட்டால் நிக்காஹ். வராவிட்டால் சஹருக்கு வாணியம்பாடியில் வேறு மாப்பிள்ளை தயார்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. மதியம் ஜும்மா தொழுதுவிட்டு உமர் திரும்பி வந்து பார்த்தால், மாடி காலி.

“அதான் வெளிய போய்டுச்சே, அப்புறம் இன்னா? போய் பொண்ணு கேளு,” என்று வரும் வழியில் போனிலேயே சொல்லிப் பார்த்தான் ஜோசுவா.

“எங்க, காட்டுன்னு கேப்பாரு சார். காட்ட முடியலன்னா, துண்டு துண்டா அறுத்துத் தூக்கிட்டுப் போய்ட்டான்னுவாரு. ஊரும் அதைத்தான் நம்பும்,” என்றான் உமர்.

ஆக, ஜஹாஜ் கிடைக்கவேண்டும். முழுசாகக் கிடைக்கவேண்டும். அஸருக்குள் கிடைக்கவேண்டும். தேடவந்த மூன்று பேரும் பூட்டிய மாடிக்குள்.

“போன் இருந்தா ஒரு நிமிஷ வேலை,” என்று புலம்பினான் ஜோசுவா. சட்டைப்பையிலிருந்து ஒரு அலுமினிய வில்லையை எடுத்துப் பார்த்தான். கீழே வாசலில் வாட்ச்மேன் கன்னியப்பன் கொடுத்த டோக்கன். இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில், வெளிநாட்டு டிசைனை யாரும் படம் பிடித்துவிடக்கூடாது என்று வாசலிலேயே போனை வாங்கிவைப்பார்கள். “மூடுன டேனரில இன்னா தாத்தா டிசைன் கீழ விழுந்து கெடக்குது?” என்று கேட்டதற்கு, “ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் சார்,” என்று மூன்று போனையும் வாங்கி, மேசை டிராயரில் போட்டுக்கொண்டார் அந்தப் பெரியவர்.

“பூட்டினதும் அவர்தான்,” என்றார் அஃப்ஸர் ஜஹான்.

“கன்னியப்பண்ணனா?” உமர் நம்பவில்லை. “அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுக்குற மனுஷன் மேடம்.”

“டீ வாங்கிக் கொடுக்கறவர் பூட்டக்கூடாதுன்னு இருக்கா? ஜோசுவா, வாசல்ல அவர் நம்மகிட்ட இன்னா சொன்னாரு?”

ஜோசுவா அப்படியே நடித்துக்காட்டினான். “‘டுர்ர்ருனு மோட்டார் சத்தம் கேட்டுது சார். பெட்ரோல் வாடை குப்புனு வந்துது. ஓடியாந்து பாக்கறேன், எவனோ தூக்கிட்டுப் போய்ட்டான். அது இன்னா கனம், ஒரு அரிசி மூட்டை கனம்கூட வராது’ன்னாரு.”

“உமர், உன் ஜஹாஜ்ல பெட்ரோல் எங்க ஊத்துவ?”

“பெட்ரோலா? அது பேட்டரி மேடம். ஓட்டிவிட்டா ஃபேன் சுத்தற மாதிரி ‘உய்ய்’னுதான் இருக்கும்.”

“அப்ப, கேக்காத சத்தத்தைக் கேட்டாரு. வராத வாடையை மோந்தாரு. அது ஓடி ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. சரி, அதோட கனம் எவ்வளவு?”

“பேட்டரியோட முப்பத்தஞ்சு கிலோ தாண்டும். இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டையைவிட ஜாஸ்தி.”

அஃப்ஸர் ஜஹான் எழுந்து, சுவரோரம் இருந்த மேசையைக் காட்டினார். செங்கல் அளவுக்கு நாலு பேட்டரிகள் அதன்மேல் வரிசையாக இருந்தன. “இதையெல்லாம் கழட்டிட்டா?”

உமர் கணக்குப் போட்டான். அவன் கண்கள் விரிந்தன. “அரிசி மூட்டைக்குக் கம்மிதான்... ஆனா, நான் கழட்டலியே!”

“பேட்டரியைக் கழட்டினப்புறம் அதைத் தூக்கின கைக்குத்தான் அந்தக் கனம் தெரியும். பெரியவர் பொய் சொல்லும்போது காதும் மூக்கும் பொய் சொல்லிடுச்சு. கை மட்டும் உண்மையைச் சொல்லிடுச்சு.”

இப்படிப் பேசும்போதுதான் ஜோசுவாவுக்குத் தன் மேடம் மேல் மரியாதை வரும். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பதினைந்து வருடம் எரிந்த கடை, எரிந்த குடோன் என்று பார்த்து, எது தானாக எரிந்தது, எது முதலாளியாக எரித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அந்த மரியாதை கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

“சரி மேடம், தூக்கினது அவர். எப்படித் தூக்கினாரு? அறுத்தா?”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு புது ரம்பத்தை எடுத்து நீட்டினார் அஃப்ஸர் ஜஹான். பற்களின் மேல் கடையில் மாட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. “இது யாரோடது?”

உமர் தலை குனிந்தான். “என்னோடது. இன்னிக்கு ஜும்மா முடிஞ்சு வந்து அறுத்துடலாம்னு நேத்து வாங்கினேன். நடுவுல சில்வர் பேனாவால கோடுகூடப் போட்டுட்டேன்.”

“அறுத்தா பந்தயம் போச்சே?”

“போச்சு. ஆனா, ஜஹாஜ் ஒருநாளாவது பறக்கும் இல்ல? இங்கயே கெடந்து தூசி புடிக்கறதுக்கு அது மேல்.”

“முதல்லயே ரெண்டு துண்டா செஞ்சு, நடுவுல மாட்டிக்கற மாதிரி பண்ணியிருக்கக் கூடாதா தம்பி? எல்லாரும் அப்படித்தான செய்வாங்க?” என்றான் ஜோசுவா.

உமர் முகத்தில் முதல் தடவையாக ரோஷம் வந்தது. “ஷூவுல எங்க பிய்யும் தெரியுமா சார்? தையல்லதான். இழுபடற இடத்துல ஒட்டு வரவே கூடாதுன்னு பத்து வருஷமா பசங்களைத் திட்டிட்டிருக்கேன். முழுக் கனத்தையும் தாங்கற இறக்கை, அதோட நட்ட நடுவுல நானே ஒட்டுப் போடுவேனா?”

ஆக, நல்ல ஷூ செய்கிற புத்திதான் அந்த விமானத்தை இந்த மாடியில் சிறை வைத்தது. ஜோசுவா சிரிக்க வாயெடுத்தான். தானும் அதே சிறையில் இருப்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டான். மூடிய வாயோடு அவனால் அதிக நேரம் இருக்கமுடியாது. அதனால் கைக்கு வேலை கொடுத்தான். மூலையில் கிடந்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் கதவிடுக்கில் செருகி, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு நெம்பினான்.

“ஜோசுவா, வேணாம்...”

கம்பி வழுக்கியது. அவன் கையை விட்டுப் பறந்து, மேசைமேல் இருந்த பேட்டரிகளில் ஒன்றின் வயிற்றில் போய்க் குத்தி நின்றது.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. “அப்பாடா, நான்கூட ஏதோ...” என்று ஜோசுவா ஆரம்பித்தான்.

‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று சீறியபடி அந்தப் பேட்டரி சப்பாத்தி போல உப்பியது. வெள்ளைப் புகை பீறிட்டு, பின்னாலேயே நெருப்பும் நாக்கை நீட்டியது.

“தள்ளிப் போங்க! மூக்கை மூடுங்க! இந்தப் புகை ஆகாது!” உமர் பாய்ந்து, மற்ற மூன்று பேட்டரிகளையும் கையால் வாரித் தூர எறிந்தான். மேசையடியில் வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கி நெருப்பின்மேல் கவிழ்த்தான். நெருப்பு அடங்கியது. புகை அடங்கவில்லை. மணலுக்குள்ளிருந்து குமுறிக் குமுறி வந்துகொண்டேயிருந்தது.

ஜன்னலெல்லாம் தகரம். கதவில் பூட்டு. தொண்டையில் ஊசி குத்துவது போல எரிந்தது. ஜோசுவா கதவில் இரண்டு கையாலும் அடித்தான். “கன்னியப்பண்ணே! தாத்தா! சாமி! தொறய்யா! டோக்கனை வேணும்னா நீயே வச்சுக்கோ!”

கீழே யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை.

“கீழ படு!” அஃப்ஸர் ஜஹான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு தானும் படுத்தார். “உமர், நீயும் படு. ஒரே ஒரு கேள்வி. யோசிச்சுச் சொல்லு. இந்த மாடியில தோல் காயப்போட்டாங்க. சரியா?”

“ஆமா மேடம்.” உமர் இருமினான்.

“தோல் மேல வரும்போது ஈரமா வரும். ஈர மாட்டுத்தோல் ஒண்ணு ஆள் கனம் இருக்கும். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல வந்திருக்கும். நாம ஏறி வந்த படியில நான் பையோட திரும்பவே முடியல. இதுல அத்தனை ஈரத்தோலையும் முதுகுல சுமந்தா ஏறினாங்க?”

உமர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “தெரியல. நான் ஷூ ஆளு மேடம். எங்களுக்குத் தோல் காஞ்சு, சாயம் போட்டு, கட்டு கட்டித்தான் வரும். அது டேனரில எப்படி மாடி ஏறுதுன்னு நான் யோசிச்சதே இல்ல.”

“மூணு வருஷம் அந்த வழிக்குக் கீழயே உட்கார்ந்து இழைச்சிருக்க. மேல பாரு.”

கூரையை ஒட்டி, மாடியின் நீளத்துக்கும் ஒரு இரும்புத் தண்டவாளம் ஓடியது. அதில் சங்கிலி. சங்கிலியில் வரிசையாகக் கொக்கிகள். எல்லாக் கொக்கியிலும் வருடக்கணக்கான தூசி, வவ்வால் எச்சம். நடுவில் சில கொக்கிகள் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது போல மின்னின.

“அங்க துணியால துடைச்சது யாரு?” என்று கேட்டான் ஜோசுவா, தரையில் கன்னத்தை வைத்தபடி.

“துடைக்கல. அந்தக் கொக்கில எதையோ கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. சங்கிலி எங்க போய் முடியுது?”

பின்சுவரில் போய் முடிந்தது. அங்கே, விலை போகாமல் விட்டுவிட்ட பழைய தோல்கள் அப்பளம் போல விறைத்துப்போய்ச் சுவரை மறைத்துத் தொங்கின. “அங்க வெறும் சுவருதான் மேடம்,” என்றான் உமர்.

“அப்படியா? புகையைப் பாரு.”

மாடி முழுக்கப் பரவியிருந்த வெள்ளைப் புகை, மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பது போல, ஒரே பக்கமாக நகர்ந்தது. அந்தத் தோல்களை நோக்கிப் போனது. தோல்களுக்கு நடுவே புகுந்தது. திரும்பி வரவில்லை.

“எத்தனை குடோன்ல பார்த்திருக்கேன்,” என்று எழுந்தார் அஃப்ஸர் ஜஹான். “முதலாளிக்குத் தெரியாத ஓட்டைகூடப் புகைக்குத் தெரியும். வாங்க!”

மூவரும் குனிந்து ஓடினார்கள். தோல்களை ஒதுக்கியதும் தெரிந்தது. சங்கிலி போகிற இடத்தில், சுவரில் ஒரு நீளமான பிளவு. வேண்டுமென்றே விட்டுக் கட்டிய பிளவு. முழங்கால் உயரத்தில் தொடங்கிக் கூரைவரை போனது. அகலம் ஒரு முழத்துக்கும் கம்மி. பக்கத்து மேட்டில் மாடி மட்டத்துக்கு நிற்கும் ஷெட்டிலிருந்து, தோலைத் தொங்கவிட்டபடியே இந்த மாடிக்கு இழுத்துவர வைத்த வழி. அதன்மேல் ஒரு தகரம் சாத்தியிருந்தது. தகரம் பழையது. அதைக் கட்டியிருந்த கம்பி பளபளவென்று புதுசு.

உமர் நெற்றியில் அறைந்துகொண்டான். “இறக்கையை ஒருச்சாய்ச்சுத் தொங்கவிட்டா... விசிறி, வால் எல்லாம் தனியாக் கழண்டுக்கும்... நீளவாக்குல நேராப் போகுது! திருப்பவே வேணாம்! தோல் மாதிரியே போய்ட்டுது!”

“விமானம் போன வழி விமானத்துக்குப் போதும்,” ஜோசுவாவின் குரல் இறங்கியிருந்தது. “ஆனா, விமானத்துக்குத் தொப்பை கெடையாது மேடம்.”

உமர் கம்பியை முறுக்கி அவிழ்த்தான். தகரம் விழுந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. முதலில் உமர் நுழைந்தான். அடுத்து அஃப்ஸர் ஜஹான், பையைத் தலைக்குமேல் பிடித்தபடி. ஜோசுவா பின்னால் திரும்பிப் பார்த்தான். புகை. முன்னால் பார்த்தான். லிஃப்டைவிட ஒடுக்கம்.

“மூச்சை வெளிய விட்டுட்டு வா!” என்று அந்தப் பக்கத்திலிருந்து மேடத்தின் குரல் கேட்டது.

“விட்டா திரும்பி வருமா?”

கண்ணை மூடி, மூச்சை விட்டு, பக்கவாட்டில் நுழைந்தான். பாதியில் சட்டைப் பட்டன் இரண்டு தெறித்தன. தொப்பை நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பூட்டிய மாடிக்கு வெளியே ஒரு கை, உள்ளே ஒரு கால். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்வதற்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. யாரோ அவன் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். தடாலென்று அந்தப் பக்கத் தரையில் போய் விழுந்தான்.

இழுத்தது உமர் இல்லை. தலையில் வெள்ளைத் தொப்பி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, அறுபது வயது. சஹரின் தகப்பனார் முனீர் அகமது.

அவருக்குப் பின்னால், வெளிச்சம் விழும் பெரிய ஷெட்டில், நாலு மரத்தாங்கிகளின் மேல் ஜஹாஜ் நின்றது. பதினாறு அடி இறக்கை. ஒரு கீறல் இல்லை. அடியில் பட்டுப் போல மெத்தென்ற தோல் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்பிரிட் பாட்டில், துணி. முனீர் அகமதுவின் கட்டைவிரல் முழுக்க வெள்ளி மினுக்கியது.

“புகை எங்கேர்ந்து?” என்றார் பதற்றமாக. “கன்னியப்பா! பூட்டுன்னுதானய்யா சொன்னேன்? கொளுத்தச் சொன்னேனா?”

“நான் கொளுத்தல மொதலாளி!” என்று ஓடிவந்தார் கன்னியப்பன். “அஸர் வரைக்கும் யாரும் கீழ எறங்க வேணாம்னு சொன்னீங்க, பூட்டுனேன். அவ்ளோதான்.”

“கொளுத்தினது என் கைங்கரியம்,” என்றான் ஜோசுவா தரையிலிருந்து. “அந்தப் பழியை வேற யாருக்கும் தரமாட்டேன்.”

உமர் யாரையும் பார்க்கவில்லை. ஜஹாஜிடம் போனான். இறக்கையின் நடுவில் தான் போட்ட வெள்ளிக் கோட்டைத் தேடினான். முக்கால்வாசி துடைத்தாகிவிட்டது. விரற்கடை நீளம்தான் மிச்சம் இருந்தது.

“ஏன் சாப்?” என்றான். “நான் தோக்கணும்னா சும்மா இருந்திருந்தாலே தோத்திருப்பேனே. எதுக்குத் திருடணும்?”

அஃப்ஸர் ஜஹான் முனீர் அகமதுவின் கட்டைவிரலைப் பார்த்தார்.

“அவர் திருடல உமர். நீ அறுக்காம இருக்கணும்னு எடுத்துட்டு வந்திருக்காரு. இல்லியா சாப்?”

முனீர் அகமது ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். “சிரிக்கத்தான் மேல போனேன்,” என்றார். “எல்லாரும் ஜும்மாவுக்குக் கெளம்பற நேரம். இவன் கட்டின கூத்தை ஒரு தடவை பார்த்துச் சிரிச்சுட்டு வரலாம்னு. கையை வச்சுத் தடவினேன். நாப்பது வருஷமா தோலைத் தடவின கை இது. எங்கயாவது ஒட்டு, மேடு, சுருக்கம் இருந்தா விரல் நின்னுடும். நிக்கவே இல்ல. இந்த நுனியிலேர்ந்து அந்த நுனி வரைக்கும். அப்புறம் பாக்கறேன், நட்ட நடுவுல கோடு. கீழ ரம்பம். நல்ல தோல்ல கத்தி வைக்கறவனை எங்க அப்பா கையை உடைப்பாரு. என்னால முடியல. கன்னியப்பனைக் கூப்பிட்டேன்.”

“அதை இவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?” என்றான் ஜோசுவா.

“நாலு பேர் நடுவுல கொடுத்த வாக்கு. அதை நானே எப்படி முழுங்கறது? அஸர் தாண்டிட்டா பந்தயம் முடிஞ்சுடும். நாலு நாள் கழிச்சு ஜஹாஜைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு பார்த்தேன்.”

“ஜஹாஜைக் கொடுப்பீங்க. பொண்ணை?” என்று கேட்டார் அஃப்ஸர் ஜஹான்.

முனீர் அகமது தரையைப் பார்த்தார். மாடியில் பூட்டப்பட்டவர்கள் மூன்று பேர் இல்லை, நாலு பேர் என்று ஜோசுவாவுக்குத் தோன்றியது. நாலாவது ஆளைப் பூட்டிய பூட்டு, அவரே கொடுத்த வாக்கு.

“உங்க வாக்கை இன்னொரு தடவை சொல்லுங்க சாப். ஒரு வார்த்தை விடாம.”

“அறுக்காம, சுவரை இடிக்காம, அஸர் பாங்குக்குள்ள ஜஹாஜ் மாடியை விட்டு வெளிய வரணும்.”

“அறுத்தாங்களா?”

“இல்ல.”

“சுவரை இடிச்சாங்களா?”

“இல்ல.”

“பாங்கு சொல்லிட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“ஜஹாஜ் எங்க இருக்கு?”

முனீர் அகமது அண்ணாந்து பார்த்தார். இரண்டு கையை விரித்தாலும் எட்டாத இறக்கை அவருக்கு முன்னால் நின்றது.

“யார் வெளிய கொண்டு வரணும்னு சொன்னீங்களா?”

“சொல்லல,” என்றார் முனீர் அகமது.

“அப்ப ஜெயிச்சது உமர், ஜெயிக்க வச்சது மாமனார்,” என்றான் ஜோசுவா. “இப்படி ஒரு பந்தயம் நான் பார்த்ததே இல்ல.”

கன்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிப்பது தெரிந்தது. முனீர் அகமது அவரை முறைத்தார். முறைத்த முகத்தை நிறுத்திவைக்க முடியாமல் துணியை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, மிச்சமிருந்த விரற்கடைக் கோட்டையும் துடைக்க ஆரம்பித்தார். உமர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

கோடு போய்விட்டது. அந்த இடத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் தூரத்து மசூதியிலிருந்து பாங்கு எழுந்தது.

முனீர் அகமது எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வாசல்வரை போனார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“அந்த ரம்பத்தைக் கன்னியப்பன்கிட்ட கொடுத்துடு. இனிமே அது உன் கையில இருக்கக் கூடாது. சீக்கிரம் வா, தொழுகைக்கு நேரமாச்சு, மாப்பிள்ளை.”

உமர் அப்படியே நின்றான்.

“உன்னத்தான்யா கூப்பிடறாரு!” என்று அவன் முதுகில் ஒரு தள்ளு கொடுத்தான் ஜோசுவா.

உமர் ஓடினான். அஃப்ஸர் ஜஹான் துப்பட்டாவை உதறிப் புகைவாடைக்கு முகம் சுளித்தபடி, ஜஹாஜின் வயிற்றுக் கதவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜோசுவா போய் அந்த ஷெட்டின் கதவுகளை ஒவ்வொன்றாக, சுவரில் போய் இடிக்கும்வரை, விரியத் திறந்து வைத்தான். எல்லாம் திறந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்ட பிறகுதான் கன்னியப்பனிடம் டோக்கனை நீட்டினான்.